நடுவில் இருப்பதை யார் பார்ப்பது? – சிறுகுடல் கட்டிகளும் எண்டோஸ்கோப்பியும்

சோமனூர்ப் பகுதியைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளர் ஒருவர், வயது 56. ஓராண்டுக்கும் மேலாக அவருக்குச் சோர்வு. தறிக்கூடத்தில் ஒரு ஷிப்ட் முழுவதும் நின்று வேலை செய்தவர், பின்னர் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தார். ஹீமோகுளோபின் 7 கிராம். ரத்தம் ஏற்றினார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அளவு 10-க்கு உயர்ந்தது. மூன்று மாதங்களில் மீண்டும் 7-க்கு இறங்கியது. வாய்வழியே செய்த எண்டோஸ்கோப்பியில் இரைப்பை இயல்பாக இருந்தது. ஆசனவாய் வழியே செய்த கொலோனோஸ்கோப்பியில் சிறிய மூலம் மட்டுமே தென்பட்டது. “மூலத்தால் ரத்தம் போகிறது” என்று முடிவு கட்டப்பட்டது.

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தபோது அவர் அதிகம் பேசவில்லை. பேசியவர் அவருடைய மனைவி: “ஏனுங்க டாக்டர், வாய் வழியாவும் பார்த்தாச்சு, கீழ் வழியாவும் பார்த்தாச்சுங்க. நடுவுல இருக்கறத யாருங்க பார்க்கறது?”

மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஒரு சிக்கலை அந்த அம்மையார் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டார். அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை. (நோயாளரை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

எட்டாத தொலைவில் ஓர் உறுப்பு

சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர் மட்டுமே. சிறுகுடலை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறோம். இரைப்பையை அடுத்து, சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது முன்சிறுகுடல். அதற்கடுத்தவை நடுச்சிறுகுடலும் பின்சிறுகுடலும்.

வழக்கமான வாய்வழி எண்டோஸ்கோப்பி முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதி வரையே செல்லும். கொலோனோஸ்கோப்பி பெருங்குடல் முழுவதையும் பார்த்து, பின்சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர்களை எட்டிப் பார்த்துத் திரும்பும். இடையிலுள்ள சிறுகுடலின் பெரும்பகுதியை இவ்விரண்டு பரிசோதனைகளும் தொடுவதே இல்லை. எனவே “இரண்டு எண்டோஸ்கோப்பியும் நார்மல்” என்ற அறிக்கையின் பொருள் “குடல் முழுவதும் நார்மல்” என்பதன்று.

நீளம் மட்டுமே தடையன்று. சிறுகுடல் வயிற்றுக்குள் சுருள் சுருளாக மடிந்து, ஓரிடத்தில் நிலைத்திராமல் அசைந்துகொண்டேயிருக்கிறது. நீண்ட கருவியைத் தள்ளினால் அது முன்னேறுவதற்கு மாறாக, குடலின் வளைவையே நீட்டிவிடும். கடந்த நூற்றாண்டின் இறுதி வரை இப்பகுதியைக் காண மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் பேரியம் எக்ஸ்ரேயும் அறுவைச் சிகிச்சையுமே வழிகளாக இருந்தன.

அரிதானவை, ஆனால் இல்லாதவையல்ல

உணவுப் பாதையில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே சிறுகுடலில் தோன்றுகின்றன. உணவு நீர்ம வடிவில் விரைவாகக் கடந்து செல்வது, நுண்ணுயிரிகள் குறைவாக இருப்பது, உட்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது, நோய் எதிர்ப்புத் திசு நிறைந்திருப்பது ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இக்கட்டிகளில் புற்றுநோய் அல்லாதவையும் உண்டு. கொழுப்புக் கட்டி, அடினோமா, ரத்தக்குழாய்க் கட்டி முதலியவை அவ்வகை. புற்றுத் தன்மை உடையவற்றுள் நான்கு வகைகள் முதன்மையானவை.

அடினோகார்சினோமா: உட்பரப்புச் சுரப்பிச் செல்களில் தோன்றுவது; பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதிகளில் காணப்படும்.

நியூரோஎண்டோகிரைன் கட்டி: ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுவது, பின்சிறுகுடலில் அதிகம். பல ஆண்டுகள் மெதுவாக வளரக்கூடியது. நடிகர் இர்பான் கான் 2018இல் தமது நோயை வெளிப்படையாக அறிவித்தபோது, இக்கட்டிக் குடும்பத்தின் பெயரை நம்மில் பலர் முதன்முறையாகக் கேட்டோம்.

ஜிஸ்ட்: குடற்சுவரின் தசை அடுக்கில் தோன்றுவது. இது பல நேரங்களில் குடலின் உள்ளே வளராமல் வெளிப்புறமாக வளரும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

லிம்போமா: நிணநீர்த் திசுவில் தோன்றுவது.

இவையன்றி, தோலின் மெலனோமா போன்ற பிற உறுப்புகளின் புற்றுநோய் சிறுகுடலுக்குப் பரவுவதும் உண்டு.

எப்போது ஐயம் கொள்ள வேண்டும்?

சிறுகுடல் கட்டிக்கென்று தனித்த அறிகுறி எதுவும் இல்லை. இதுவே தாமதத்துக்கு முதற்காரணம். எனினும் பின்வருவனவற்றைப் புறக்கணித்தல் கூடாது.

• காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை. குறிப்பாக ஆண்களிடத்தும், மாதவிடாய் நின்ற பெண்களிடத்தும்.
• தார் போன்று கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் வெளியேறும் மலம்.
• உணவு உண்டபின் விட்டுவிட்டு வரும் வயிற்றுப் பிடிப்பு, உப்புசம், வாந்தி.
• முயலாமலே குறையும் உடல் எடை.
• முன்சிறுகுடலில் பித்தநீர் திறக்கும் வாயில் கட்டியிருந்தால் மஞ்சள் காமாலை.

குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயோ நூற்றுக்கணக்கான பாலிப்புகளோ இருந்தவர்கள், குரோன்ஸ் நோய் உடையவர்கள், சிறுவயது முதலே உதடுகளில் கரும்புள்ளிகள் உடைய பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோயாளர்கள் ஆகியோருக்கு இவ்வகைக் கட்டிகளுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இவ்விவரங்களை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு தெளிவு: இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்களுக்கும் மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போகும். அது பொதுவாகத் தார் போல ஒட்டாது. ஐயமிருந்தால் நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இரும்புச்சத்து உட்கொண்டால் ஹீமோகுளோபின் உயரும். குடும்பம் நிம்மதி அடையும். மருத்துவரும் நிம்மதி அடைவார். ஆனால் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றினாலும் சிறிது நேரம் மட்டம் உயரத்தான் செய்யும். எங்கே ஒழுகுகிறது என்பதைக் கண்டறியும் வரை சிகிச்சை முற்றுப்பெறவில்லை.

விழுங்கும் ஒளிப்படக் கருவி

சிறுகுடலை அறிய எதையாவது விழுங்கச் செய்யலாம் என்ற எண்ணம் புதிதன்று. 1957இல் வெளிவந்த கிராஸ்பி கேப்சூல், மெல்லிய குழாயுடன் இணைந்த சிறு உலோகக் கூடு. நோயாளர் அதை விழுங்கியபின், வெளியிலிருந்து உறிஞ்சும்போது உள்ளிருக்கும் கத்தி குடலின் உட்பரப்பிலிருந்து சிறு துணுக்கை வெட்டியெடுக்கும். 1960களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் சுற்றுப்புறக் கிராமங்களில் பரவிய ட்ராபிகல் ஸ்புரூ என்னும் சிறுகுடல் நோயை ஆராய்ந்தபோது, இவ்வாறு பெறப்பட்ட குடல் திசுக்களே அந்த ஆய்வுக்குப் பெருந்துணையாயின. அன்று திசு கிடைத்தது, காட்சி கிடைக்கவில்லை.

இன்றைய கேப்சூல் எண்டோஸ்கோப்பி இதற்கு நேர்மாறானது. ஏவுகணைகளுக்கான ஒளிப்படத் தொழில்நுட்பத்தில் பணியாற்றிய இஸ்ரேலியப் பொறியாளர் கேவ்ரியல் இட்டானும் அவருடைய குழுவினரும் இதனை 2000ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். 2001இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உடைய மாத்திரை. உள்ளே கேமரா, விளக்கு, மின்கலம். நொடிக்கு இரண்டு படங்கள் என்று கொண்டாலே, எட்டு மணி நேரத்தில் 57,600 படங்கள் சேரும். இடுப்பில் கட்டிய பதிவுக் கருவி அவற்றைச் சேமிக்கும். மயக்க மருந்து இல்லை, வலி இல்லை, அன்றே வீட்டுக்குச் செல்லலாம். மாத்திரை மலத்துடன் வெளியேறிவிடும்.

இதன் எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். கேப்சூல் பார்க்கும், தொடாது. திசு எடுக்காது, ரத்தக்கசிவை நிறுத்தாது, விரும்பிய இடத்தில் நின்று திரும்பிப் பார்க்காது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியை அது விரைந்து கடக்கும். அங்குள்ள புண்ணோ கட்டியோ ஒரே ஒரு படத்தில் மட்டும் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். சுவரின் வெளிப்புறமாக வளரும் கட்டி, உள்ளிருந்து பார்க்கையில் ஒரு சிறு மேடாக மட்டுமே தெரியும். ஆகவே கேப்சூலில் எதுவும் தென்படவில்லை என்பதும் இறுதித் தீர்ப்பன்று.

அரிதாக, குறுகிய இடத்தில் மாத்திரை சிக்கிக்கொள்ளலாம். காரணம் தெரியாத ரத்தக்கசிவுக்காகச் செய்யும்போது இது நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு நேர்கிறது. குடல் சுருக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்பு அதிகம். வயிற்றுப் பிடிப்பும் வாந்தியும் உள்ளவர்களுக்கு முதலில் ஸ்கேன் செய்கிறோம். அல்லது தானே கரையும் ஒத்திகை மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கிறோம்.

வெளியிலிருந்து ஒரு பார்வை: சி.டி. என்டரோகிராபி

குடலை விரிவடையச் செய்யும் திரவத்தை (நம் நாட்டில் பெரும்பாலும் மானிட்டால் கலந்த நீர்) குடித்தபின் செய்யப்படும் சிறப்பு சி.டி. ஸ்கேன் இது. குடலின் சுவர், அதற்கு வெளியே உள்ள பகுதி, நிணநீர்க் கணுக்கள், கல்லீரல் அனைத்தும் தெரியும். கேப்சூல் உட்பரப்பைக் காட்டும்; ஸ்கேன் சுவரையும் புறத்தையும் காட்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று, துணை. “ஸ்கேன் எடுத்தாயிற்றே, கேப்சூல் எதற்கு?” என்றும், “கேப்சூல் பார்த்தாயிற்றே, ஸ்கேன் எதற்கு?” என்றும் குடும்பத்தினர் கேட்பதுண்டு. செலவைக் கருதும்போது நியாயமான கேள்வியே. அதற்கான விடை மேற்கண்ட வேறுபாட்டில் உள்ளது.

பலூன் என்டரோஸ்கோப்பி: சென்று தொடும் கருவி

2001இல் ஜப்பானிய மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ, குடலின் வளைவு நீளும் சிக்கலுக்கு எளிய தீர்வொன்றை வெளியிட்டார். நீண்ட எண்டோஸ்கோப்பின் முனையில் ஒரு பலூன்; அதன்மேல் அணிவித்த உறைக்குழாயின் முனையில் மற்றொரு பலூன். ஒரு பலூன் ஊதி குடற்சுவரைப் பற்றிக்கொள்ள, கருவி முன்னேறும். பிறகு மற்றது பற்றிக்கொள்ள, உறைக்குழாய் முன்னேறும். இரண்டும் பற்றியபடி பின்னிழுக்க, குடல் குழாயின்மேல் மடிந்து சேரும். சுருக்குக் கயிறு கோத்த பாவாடையின் மடிப்புகள் கயிற்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதை எண்ணிப் பாருங்கள். இவ்வாறு 2 மீட்டர் நீளமுள்ள கருவி, தன் நீளத்தைவிட அதிகமான குடலைக் கடக்கிறது. ஒரே பலூன் கொண்ட கருவிகளும் பின்னர் வந்தன.

பார்ப்பதுடன் இது நின்றுவிடுவதில்லை. திசுத் துணுக்கு எடுக்கலாம், கசியும் ரத்தக்குழாயை அடைக்கலாம், பாலிப்பை அகற்றலாம், கட்டியுள்ள இடத்துக்கருகே மை செலுத்தி அடையாளமிடலாம். ஆறு மீட்டர் குடலில் அறுவை மருத்துவர் நேராக அந்த இடத்துக்குச் செல்ல இந்தக் கருப்புப் புள்ளியே வழிகாட்டி.

வாய்வழியாகச் செல்வதா, ஆசனவாய் வழியாகச் செல்வதா என்பதைக் கேப்சூலும் ஸ்கேனும் காட்டும் இடத்தை வைத்து முடிவு செய்கிறோம். பரிசோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மயக்க மருந்து தேவை. வயிற்று உப்புசமும் தொண்டை வலியும் ஓரிரு நாளில் நீங்கும். குடலில் துளை விழுதல், கணைய அழற்சி, ரத்தக்கசிவு ஆகியவை அரிதானவை; எனினும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் அவற்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

திசுவே சான்று

படத்தில் கட்டி போலத் தெரிவன எல்லாம் கட்டியல்ல. அருகிலுள்ள உறுப்போ குடல் வளைவோ அழுத்துவதால் தோன்றும் மேடும் கட்டி போலவே தெரியும். நம் நாட்டில் குடல் காசநோய், புற்றுநோயைப் போலவே சுவரைத் தடிக்கச் செய்து பாதையைக் குறுக்கும். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரைகள் சிறுகுடலில் புண்ணையும் சுருக்கத்தையும் உண்டாக்கும். செருப்பின்றிக் காட்டு வேலை செய்பவர்களின் பாதத் தோல் வழியே நுழையும் கொக்கிப்புழு, சிறுகுடலின் மேற்பகுதியில் பற்றிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். கட்டியைத் தேடிச் செய்த கேப்சூலில் இப்புழுக்கள் தென்படுவது உண்டு. அவ்வாறு நேர்ந்தால் அல்பென்டசோல் மாத்திரையே மருந்து.

இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே இயன்ற இடங்களிலெல்லாம் திசுச் சான்று பெற்றபின்னரே மருந்தைத் தொடங்குகிறோம். இதற்கு விலக்கும் உண்டு. சுவருக்குள் ஆழ்ந்திருக்கும் ஜிஸ்ட் கட்டியில் மேலெழுந்தவாரியாக எடுக்கும் துணுக்கு பயன் தராமல் போகலாம். ரத்தம் கசியவும் கூடும். அகற்றத்தக்க கட்டியெனில் நேரே அறுவைச் சிகிச்சை செய்து, எடுத்த கட்டியையே பரிசோதிப்பதும் முறையே. நியூரோஎண்டோகிரைன் கட்டியெனில், காலியம்-68 கொண்டு செய்யும் சிறப்பு பெட் ஸ்கேன் அது வேறெங்கும் பரவியுள்ளதா என்பதைக் காட்டும்.

பரிசோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

• கேப்சூல் பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்னரே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்வோம். அது குடற்சுவரைக் கறுப்பாக்கிக் காட்சியை மறைக்கும்.
• முந்தைய நாள் எளிய உணவு. மாலையில் குடலைத் தூய்மை செய்யும் மருந்து நீர். இரவு முதல் வெறும் வயிறு.
• ரத்தம் உறையாமைக்கான மருந்து, இன்சுலின், சர்க்கரை மாத்திரை ஆகியவற்றை நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். உண்ணும் மருந்துகளின் அட்டைகளை அப்படியே எடுத்து வாருங்கள்.
• பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.
• கேப்சூல் வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்துகொள்ளக் கூடாது. வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் ஏற்பட்டால் உடனே வரவும்.
• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோ தனியார் காப்பீடோ உள்ளவர்கள், எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காப்பீட்டு உதவி மையத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்விக்கு விடை

சோமனூர்க்காரருக்கு முதலில் கேப்சூல் எண்டோஸ்கோப்பி செய்தோம். கட்டி எதுவும் தென்படவில்லை. நடுச்சிறுகுடலின் தொடக்கத்தில் சில படங்களில் புது ரத்தம் மட்டும் தெரிந்தது. இத்துடன் நிறுத்தியிருந்தால், மூலம் என்ற பழைய அறிக்கைக்கு மற்றொரு பக்கம் சேர்ந்திருக்கும், அவ்வளவே. பயிற்சிக் காலத்தில் இதே போன்ற ஒருவரை “எல்லாம் நார்மல்” என்று எழுதி நானே அனுப்பியிருக்கிறேன். எட்டு மாதங்கள் கழித்துக் குடல் அடைப்புடன் அவர் திரும்பி வந்தார். அந்த அறிக்கையில் இருந்த என் கையெழுத்து இன்றும் நினைவில் இருக்கிறது.

ஆகவே சி.டி. என்டரோகிராபிக்குச் சென்றோம். குடலின் வெளிப்புறமாக வளர்ந்த, 4 சென்டிமீட்டர் கட்டி ஒன்று இருந்தது. வாய்வழி பலூன் என்டரோஸ்கோப்பியில் அவ்விடத்தை அடைந்தோம். உட்பரப்பில் சிறு மேடு; அதன் உச்சியில் ஒரு குழிப்புண்; அங்கிருந்துதான் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மை அடையாளமிட்டோம். அறுவை மருத்துவர்கள் லேப்ராஸ்கோப்பி வழியே அப்பகுதியை அகற்றி, குடலை இணைத்தனர். திசுப் பரிசோதனையில் ஜிஸ்ட் என உறுதியாயிற்று. கட்டியின் அளவு, அது தோன்றிய இடம், செல் பிரியும் வேகம் ஆகியவற்றை வைத்து, மீண்டும் வரும் வாய்ப்பைக் கணித்து, இமாட்டினிப் மாத்திரை தேவையா என்பதைப் புற்றுநோய் மருத்துவருடன் சேர்ந்து முடிவு செய்கிறோம். இவர் அம்மாத்திரையை உண்டு வருகிறார். ஆறு மாதங்களுக்கொருமுறை ஸ்கேன் செய்துகொள்கிறார். கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 13.

எல்லாருடைய கதையும் இவ்வாறு முடிவதில்லை. தாமதமாகக் கண்டறியப்பட்ட கட்டிகளையும், அகற்ற இயலாதவற்றையும் நாங்கள் காண்கிறோம். ஆனால் தாமதத்தைக் குறைப்பதில் குடும்பத்தினருக்கும் பங்குண்டு. ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள். உயர்ந்து மீண்டும் இறங்கும் ஹீமோகுளோபின் அதில்தான் கண்ணில் படும். ரத்தசோகை என்றால் “என்ன மாத்திரை?” என்பதோடு “என்ன காரணம்?” என்றும் கேளுங்கள். இரண்டு எண்டோஸ்கோப்பியும் இயல்பு என்று வந்தபின்னும் ரத்தம் குறைந்துகொண்டே போனால், அந்த அம்மையாரின் கேள்வியைத் தயங்காமல் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதைக் கேட்பதால் எந்த மருத்துவரும் வருந்தமாட்டார், வருந்தவும் கூடாது.